ஆதாரில் இருபது

சும்மா சொல்லக் கூடாது, சசிகலாவின் கண்ணுக்குத் தப்பிய கீறல் என்று ஒன்று அந்தக் கம்பெனியில் கிடையாது. ஒரகடம் சிப்காட்டில், கார்களின் பின்பக்கம் பொருத்துகிற கேமரா தயாரிக்கும் கம்பெனி அது. மிளகு அளவு லென்ஸை விளக்குக்குக் கீழே பிடித்து இப்படி ஒரு திருப்பு, அப்படி ஒரு திருப்பு, பார்த்து முடித்துவிடுவாள். நல்லது என்றால் நீலத் தட்டு, சரிசெய்தால் தேறும் என்றால் மஞ்சள் தட்டு, தேறவே தேறாது என்றால் சிவப்புத் தட்டு. ஒரு ஷிஃப்டுக்கு மூவாயிரம் பீஸ். பன்னிரண்டு வருஷமாக இதே நாற்காலி, இதே விளக்கு, இன்னும் கான்ட்ராக்ட்தான். பெர்மனென்ட் ஆக்குகிறோம் என்று சொல்லிச் சொல்லியே மூன்று எச்.ஆர். மாறிப் போனார்கள்.

அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு தான் பெற்ற பிள்ளையின் முகத்தை அவள் தினமும் பார்க்க வேண்டியிருந்ததே, அதுதான் கொடுமை.

கனிஷ்கா பிறந்தபோது மேலுதடு இடது பக்கம் மூக்குவரை பிளந்திருந்தது. பிரசவ வார்டில் நர்ஸ் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடித்தான் கொண்டுவந்து கொடுத்தாள். மாமியார் கிளியம்மாள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, வார்டே கேட்கச் சொன்னாள்: "கெரகணத்தன்னிக்கி கத்தி எடுக்காத எடுக்காதன்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேட்டாளா இவ? கத்திரிக்கா நறுக்கிக்கினு குந்தினு இருந்தா. இப்ப பாரு, புள்ள வாய நறுக்கி வச்சிகீது."

சசிகலா நறுக்கியது உண்மைதான். நாலே நாலு கத்திரிக்காய். நாலாவது மாதம், பசி, வீட்டில் ஆள் இல்லை. குழந்தை வயிற்றில் உருவான இரண்டாவது மாதத்திலேயே உதடு சேர வேண்டிய இடத்தில் சேராமல் போய்விட்டது, கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டர் படம் போட்டே காட்டினார். காது கேட்டுக்கொண்டது, மனசு கேட்கவில்லை. பதினேழு வருஷமாக அந்த வீட்டில் கத்திரிக்காய் வாங்கவில்லை. அவள் புருஷன் மோகனுக்கு எண்ணெய்க் கத்திரிக்காய் என்றால் உயிர். அவனும் ஒரு நாளும் கேட்கவில்லை. அவன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் இருப்பான், மற்ற நாளெல்லாம் குஜராத் ரோட்டில்.

ஆறாவது மாதம் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையின் உதட்டைத் தைத்தார்கள். தைத்த டாக்டர் நல்ல மனுஷர். வீட்டுக்கு அனுப்புகிற அன்று உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"உதடு சேர்ந்துடுச்சும்மா. ஆனா வளர வளர மூக்கு ஒரு பக்கம் சப்பையாகும், வளையும். பார்த்துப் பயந்துடாதீங்க. வளர்ற முகத்துல இப்ப கை வைக்கக் கூடாது. பொண்ணுங்களுக்குப் பதினாறு, பதினேழு வயசுல முகத்து எலும்பு வளர்ந்து முடிஞ்சிடும். அப்போ கூட்டிட்டு வாங்க. காதுலேருந்தோ விலாவுலேருந்தோ கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து மூக்கைத் தூக்கி நிறுத்திடலாம். உதட்டுத் தழும்பையும் அதோட திருத்திடலாம்."

அந்தச் சீட்டை சசிகலா பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்தாள். ஊரில் நிலமெல்லாம் கம்பெனிக்குப் போனது, கொட்டகை போட்டிருந்த இடத்தில் லாரி ஷெட் வந்தது, அவளே வயலை விட்டு லைனில் போய் உட்கார்ந்தாள். அத்தனைக்கும் நடுவில் அவள் மனசில் இருந்தது அந்த ஒரு கணக்குதான். பிள்ளைக்குப் பதினாறு ஆகட்டும்.

பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை ஏது? பள்ளிக்கூடத்தில் கனிஷ்காவுக்கு வைத்த பெயர் 'ஜிப்பு'. உதட்டிலிருந்து மூக்குக்குப் போகிற தழும்பைப் பார்த்து வைத்தது. மூன்றாம் வகுப்பில் வைத்த பெயர் எட்டாம் வகுப்புவரை கூடவே வந்தது. கொரோனா வந்து ஊரே மூக்கையும் வாயையும் மூடியபோது, ஊரெல்லாம் எப்போது இது போகும் என்று புலம்ப, அந்தப் பெண் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டாள். கொரோனா போனது. அவள் மாஸ்க் போகவில்லை. வீட்டில் தூங்கும்போதும் தலையணைக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கும்.

பிளஸ் ஒன்னில் புதிதாக வந்த டீச்சர், "கிளாஸ்ல எதுக்கு மாஸ்க்? கழட்டு" என்று சொல்லியிருக்கிறார். தெரியாமல்தான் சொன்னார், தப்பு சொல்ல முடியாது. கழற்றினாள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் மறுபடி அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை. சசிகலா கெஞ்சினாள், திட்டினாள், ஒரு நாள் கையைக்கூட ஓங்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்.

"அம்மா, உங்க கம்பெனில எல்லாரும் மாஸ்க் போட்டுக்கினுதான வேல செய்றீங்க?"

"ஆமா. தூசு விழக் கூடாதுல்ல."

"தலைக்குக் குல்லா?"

"அதுவும்தான்."

"அப்ப கண்ணு மட்டும்தான் தெரியும்."

கனிஷ்காவுக்குக் கண் அவ்வளவு அழகு. பார்க்கிறவர்கள் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே வரும்போதுதான் முகம் மாறுவார்கள்.

பதினாறு வயதுப் பெண்ணைக் கம்பெனி எடுக்காது. பதினெட்டு முடிந்திருக்க வேண்டும், கான்ட்ராக்டில் சேர்க்க அதற்கு ஆதார் ஒன்று போதும். அந்தக் கான்ட்ராக்டுக்கு வாலாஜாபாத் பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் பெண்களை ஏற்றி அனுப்புகிற ஆள் வேறு யாருமில்லை, சசிகலாவின் கூடப் பிறந்த தம்பி எழிலரசன்தான். அவன் சிரித்தான்.

"இதுக்கா அக்கா இப்டி மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற? ரெண்டு வருசம் ஏத்திட்டா முடிஞ்சிது. எனக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு கீது, அவனே பர்த் சர்ட்டிபிகேட் மாரி ஒண்ணு ரெடி பண்ணிடுவான். நம்ம வேன்ல வர்ற பொண்ணுங்கள்ல பாதி அப்டித்தான். யாரு கேக்கறா?"

கேட்க யாருமில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சசிகலா கையெழுத்துப் போட்டாள். ஒரு வாரத்தில் கனிஷ்காவுக்குப் பதினாறு போய்ப் பதினெட்டு ஆனது.

சேர்ந்த முதல் மாதமே அவள் வேறு பெண்ணாகிவிட்டாள் என்று சொல்ல வேண்டும். பேக்கிங் பிரிவில் அவள் சிரிப்புச் சத்தம் கண்ணாடிச் சுவர் தாண்டிக் கேட்டது. "உன் கண்ணு சூப்பர்டி, என்னா மை போடற?" என்று பெண்கள் கேட்டார்கள். அவள் பாட்டுக்கு எல்லோரையும் கிண்டல் செய்தாள், சண்டை போட்டாள், வேனில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டாள். கேன்டீனில் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மாஸ்க்கை லேசாகத் தூக்கி உள்ளே சோற்றைத் தள்ளுவாள். பின்னால் மறைத்த மாதிரி சசிகலா உட்கார்ந்துகொள்வாள். "அது சளி அலர்ஜிப்பா, காத்து படக் கூடாது" என்று இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். இரண்டு வருஷம் அப்படித்தான் சாப்பிட்டார்கள்.

நிஜத்தில் பதினேழு ஆனதும் சசிகலா பீரோவைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பழைய டாக்டர் ரிட்டையர் ஆகிவிட்டார். இருந்த டாக்டரும் முகம் சுளிக்காமல்தான் பார்த்தார், லிஸ்டில் பெயர் எழுதினார். கொடுத்த தேதிக்குப் போனால் ரோட்டில் அடிபட்டவர்கள் வரிசையாகத் தியேட்டருக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். தாடை உடைந்தவன், கண் போனவன். அவர்களை நிறுத்திவிட்டு என் பெண்ணின் மூக்கைப் பாருங்கள் என்று யாரால் சொல்ல முடியும்? இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பி வந்தார்கள். காப்பீட்டு அட்டையைக் காட்டினால், சாப்பிட முடிகிறது, பேச முடிகிறது, ஆகவே இது அழகுக்குச் செய்வது, வராது என்றார்கள். அழகுக்காம்! சுவரைப் பார்த்துச் சோறு தின்கிற பிள்ளைக்கு அழகு ஒன்றுதான் குறைச்சல்.

தாம்பரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் ஏசி அறையில் உட்காரவைத்தார்கள். தழும்புக்கு மட்டும் லேசர், உதட்டுக்கு மட்டும் ஊசி, மூக்குக்கு ஆபரேஷன், எல்லாம் சேர்த்தால் தள்ளுபடி என்று ஓட்டல் சர்வர் மாதிரி ஒரு பெண் ஒப்பித்தாள். கனிஷ்காவைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் மூக்கை நிமிர்த்தி, உதட்டைச் சமப்படுத்திக் காட்டினாள். சொன்ன தொகைக்கு வீட்டை விற்க வேண்டும். கனிஷ்கா அந்தத் திரையை மட்டும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது மணிமங்கலம் தாண்டுகிறவரை பஸ்ஸில் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இதாம்மா நான்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

அப்புறம்தான் அந்த முகாம் வந்தது. குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை நடத்துவது. வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. உதட்டுப் பிளவு, தீக்காயம், பிறவிக் குறை, எதுவானாலும் பதினெட்டு முடியாத பிள்ளைகளுக்கு இலவசமாகச் செய்துகொடுப்பார்கள். கனிஷ்கா வர மாட்டேன் என்றாள். இழுத்துப் பிடித்துச் சம்மதிக்க வைத்தபோது கறாராகச் சொன்னாள்.

"இதான் கடைசி. இதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கும் நான் வர மாட்டேன், எந்த டாக்டர்கிட்டயும் மூஞ்ச காட்ட மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

முகாமில் இருந்தது ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு. மூக்கைத் தொட்டுப் பார்த்து, வளர்ச்சி முடிந்துவிட்டது, இதுதான் சரியான சமயம் என்றார். என்ன முடியும், என்ன முடியாது என்று ஒளிக்காமல் சொன்னார். தழும்பு அடியோடு மறையாது, மங்கும். மூக்கு நிமிரும், ஆனால் சினிமா மூக்கு ஆகாது. வீக்கம் முழுக்க வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம். பிறகு சசிகலாவைப் பேச விடாமல், கனிஷ்காவையே கேட்டார்.

"இது அம்மாவுக்காகவா, உனக்காகவாம்மா? செஞ்சா உனக்கு என்ன ஆகணும்?"

"எல்லாரோடயும் குந்தினு சாப்டணும் மேடம்" என்றாள் கனிஷ்கா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ஜனவரி லிஸ்டில் பெயர் எழுதினார். கனிஷ்கா வெளியே போய் நின்றாள். சசிகலா மட்டும் காகிதங்களோடு பதிவு மேசைக்குப் போனாள். அங்கே இருந்தவர் ஞானம்மா, அறக்கட்டளையின் சமூகப் பணியாளர். ஆதாரைப் பார்த்தார். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தார். மறுபடியும் ஆதாரைப் பார்த்தார்.

"இதுல பத்தொன்பதுன்னு இருக்கு. இதுல பதினேழுன்னு வருது. எது நிஜம்?"

இந்த இரண்டு வருஷத்தில் அந்த ஆதார் இங்கே வந்து நிற்கும் என்று ஒரு நாளும் சசிகலா நினைத்ததில்லை. வாயெடுத்துப் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஞானம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "தேதியைத் திரும்ப மாத்தறது சுலபமில்லம்மா. ஒரு தடவைதான் மாத்த விடுவாங்க, அதுக்கு மேலன்னா எழுதிப்போட்டு மாசக்கணக்குல காத்திருக்கணும். அதுக்குள்ள இவளுக்கு நிஜமாவே பதினெட்டு ஆயிடும்" என்றார். "ஒரு வழி இருக்கு. நடந்ததை நடந்தபடி எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, உண்மையான பிறப்புச் சான்றிதழோட குடுங்க. எங்க கமிட்டி ஒத்துக்கும், நான் பேசிக்கறேன். ஆனா ஒண்ணு, முன்னாடியே சொல்லிடறேன். வயசை ஏத்திப் பிள்ளைங்களை வேலைக்கு வச்சிருக்காங்கன்னு எழுத்துல வந்துட்டா, நாங்க குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லியே ஆகணும். மறைக்க முடியாது. விசாரணை வரும்."

"எப்பக்குள்ள மேடம் குடுக்கணும்?"

"ஜனவரி இருபத்திரண்டு பொறந்த நாளா? அன்னிக்கி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள என் கையில இருந்தாக்கூடப் போதும். அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே கனிஷ்கா மாஸ்க்குக்கு மேலே கண்ணெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தாள். "இன்னாம்மா சொன்னாங்க?"

"தேதி போன்ல சொல்லுவாங்களாம்" என்றாள் சசிகலா.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் எழுதிவிட்டாள். ஆறாம் வகுப்போடு நின்ற கையெழுத்தில் இரண்டு பக்கம். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூர் போய் நோட்டரி முத்திரையும் வாங்கி, நிஜப் பிறப்புச் சான்றிதழையும் அதோடு சேர்த்து வைத்தாள். எல்லாம் செய்துவிட்டு, கூடப் பிறந்தவனாயிற்றே, சொல்லாமல் செய்யக் கூடாதே என்று தம்பிக்குப் போன் போட்டாள். அங்கேதான் விழுந்தாள்.

எழிலரசன் கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து நின்றான். பின்னால் அவன் மனைவி அமலா. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் ஏழு மாதம். அவள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை, பைக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"அக்கா, கனிஷ்காவோட சேத்து பன்னெண்டு பொண்ணுங்க. பன்னெண்டு பேருக்கும் கடைக்குப் போனது நானு. உள்ள போறது நானு. நீயும்தான, பெத்தவ கையெழுத்து இல்லாமயா மாத்தினான்? மீதி பதினோரு வூட்லயும் அந்தப் பொண்ணுங்க சம்பளத்துலதான் உல கொதிக்குது. மொத்த கான்ட்ராக்டையும் தூக்கிடுவான் அக்கா."

"அவ மொகம்டா எழிலு."

"மொகம் எங்க ஓடிப் போவப்போவுது? நான் சீட்டுப் பணம் எடுத்துத் தரேன். பிரைவேட்டுலயே பண்ணுவோம். தாய்மாமன்னு நான் எதுக்கு கீறேன்?" என்றவன், சடாரென்று குனிந்து அவள் காலைப் பிடித்தான். "எம்புள்ள மொகத்த நான் பாக்கணும் அக்கா."

கத்தியிருக்க வேண்டும். உதறியிருக்க வேண்டும். உன் பிள்ளை முகத்துக்கு என் பிள்ளை முகமா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்க நியாயம் இருந்தது. ஆனால் தான் பள்ளிக்கூடம் போகிற வயசில் தூக்கி வளர்த்த தம்பி காலில் கிடக்கிறான், வாசலில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சசிகலா அந்தக் காகிதத்தை மடித்து டிபன் பைக்குள் வைத்தாள். "பாக்கலாம், எந்திரி" என்றாள். மோகனுக்குப் போன் செய்தாள். லாரிச் சத்தத்தில் அவன், "நீ பாத்து எது செஞ்சாலும் சரி" என்றான். நல்லவன்தான். நல்லவன் என்று சொல்லி என்ன பிரயோசனம்?

அன்றிலிருந்து காகிதம் தினமும் டிபன் பையில் அவளோடு கம்பெனிக்குப் போனது, அவளோடு திரும்பி வந்தது. சாம்பார் பட்டு ஓர் ஓரம் மஞ்சளானது. "போன் வந்திச்சா?" என்று கனிஷ்கா கேட்பாள். "இன்னும் வர்ல கண்ணு" என்பாள். நாளைக்கு, நாளைக்கு என்று டிசம்பர் போனது. பொங்கல் போனது. பொங்கலுக்கு வந்திருந்த மாமியார் கிளியம்மாள், பேத்தியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, பழையபடி கத்திரிக்காய்ப் பேச்சை எடுத்தாள். சசிகலா செய்யாத குற்றத்துக்குப் பதினேழு வருஷமாக ஏச்சு வாங்குகிறாள். ஆதாரில் போட்ட கையெழுத்துக்கு மட்டும் இதுவரை ஒருத்தரும் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஒரு வாரம் முன்பிருந்து கனிஷ்கா போன் வந்ததா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். பிள்ளை மறந்துவிட்டது என்று சசிகலா நினைத்துக்கொண்டாள். மூவாயிரம் லென்ஸ் பார்க்கிறவளுக்கு அது தெரியவில்லை பாருங்கள்.

ஜனவரி இருபத்திரண்டு, வியாழக்கிழமை, முதல் ஷிஃப்ட். கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் பிறந்த நாளோ அவர்கள் பெயரும் போட்டோவும் காலையிலேயே கேன்டீன் டிவியில் ஓடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த லைன் முழுக்கக் கூடிக் கேக் வெட்டும். போன வருஷம் கனிஷ்கா அன்றைக்கு லீவு போட்டுத் தப்பித்துக்கொண்டாள். இந்த வருஷம் லீவு போடச் சொல்லியும் கேட்கவில்லை. "வரேன்" என்றாள். மாஸ்க்கும் குல்லாவும் போட்ட அவள் படம் டிவியில் வந்தது. கீழே பூவெல்லாம் போட்டு வாழ்த்து.

சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது அவள் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஞானம்மா மேடம் போன வாரம் எனக்கு போன் பண்ணாங்க" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. "முகாம் பாரத்துல என் நம்பரும் எழுதியிருந்தோம்ல."

சசிகலா அவள் பக்கம் திரும்பினாள். "கனி..."

"எல்லாம் சொன்னாங்க. சாயங்காலம் அஞ்சி மணி வரைக்கும் ஆபீஸ்ல இருப்பாங்களாம்." அவள் குரலில் கோபம் இல்லை. "நீயா சொல்லுவேன்னுதாம்மா ஒரு வாரமா பாத்துக்கினு கீறேன்."

அதற்குள் பெண்கள் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நடு மேசையில் கேக். சுற்றி அறுபது பேர். தான் அனுப்பிய பெண்களின் ஹாஜர் சீட்டு வாங்க வந்திருந்த எழிலரசன் கைகழுவுகிற இடத்துப் பக்கம் நின்றான். அக்காவைப் பார்த்தான், அவள் டிபன் பையைப் பார்த்தான். கேக்கைச் சுற்றிக் கைதட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் அந்தப் பதினோரு பெண்களும் இருந்தார்கள். எல்லோரையும் சசிகலாவுக்குத் தெரியும். பாதிப் பேருக்கு இன்னும் முகத்தில் பரு மாறவில்லை.

லைன் சூப்பர்வைசர் மாரிமுத்து கத்தியைக் கொடுத்தார். கலகலப்பான மனுஷர், ஒன்றும் அறியாதவர். "வெட்டும்மா. எத்தினி மெழுவத்தி வைக்கறதுன்னு தெரியாம ஒண்ணே ஒண்ணு வச்சிகீறோம். எத்தினி வயசு ஆவுது இன்னிக்கி?"

கனிஷ்கா கத்தியைக் கையில் பிடித்தபடி கூட்டத்துக்கு மேலாக அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மாவக் கேளுங்க சார். அவங்களுக்குத்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்துக்கொண்டே சசிகலாவின் பக்கம் திரும்பினார்கள். கடிகாரத்தில் ஒரு மணி பத்து நிமிஷம். சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் மாறினாலும் மூன்றரைக்குள் ஞானம்மாவின் ஆபீசுக்குப் போய்விடலாம். காகிதம் பையில் இருக்கிறது. முத்திரை இருக்கிறது. பதினெட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதெல்லாம் தன்னால் நடக்கும். சசிகலா வாயைத் திறந்தாள். எழிலரசன் அங்கிருந்து தலையை மெதுவாக, இல்லை இல்லை என்று ஆட்டினான். கேக் பக்கத்தில் நின்ற பதினோரு பெண்களும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"இருபது" என்றாள் சசிகலா.

"ஆகா, இருபது!" என்று மாரிமுத்து கைதட்டினார். கூட்டம் முழுக்கத் தட்டியது.

கனிஷ்கா கேக்கை வெட்டினாள். ஒரு பெண், "மாஸ்க்க எடுடி, ஊட்டி வுடறேன்" என்றாள், வழக்கம்போல அவள் மறுப்பாள் என்று தெரிந்தே. கனிஷ்கா மறுக்கவில்லை. மாஸ்க்கை இரண்டு காதிலிருந்தும் கழற்றினாள். அதை நாலாக மடித்துக் கேக் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு வருஷமாக அவளோடு சிரித்து, சண்டை போட்டு, வேனில் தோளில் சாய்ந்து தூங்கிய அத்தனை பேரும் அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தார்கள். கைதட்டல் நின்றுபோனது. ஊட்ட வந்த பெண்ணின் கை பாதியில் நின்றது. மாரிமுத்து எங்கேயோ பார்ப்பதுபோல டிவியைப் பார்த்தார்.

கனிஷ்கா அந்தக் கையைப் பிடித்துத் தானே கேக்கைக் கடித்தாள். வளைந்த உதட்டோரத்தில் கிரீம் ஒட்டியது, துடைக்கவில்லை.

"இன்னா எல்லாரும் பாக்கறீங்க? சாப்டுங்க" என்றாள்.

பிறகு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி அம்மாவிடம் வந்தாள். வாய்க்கு நேராக நீட்டினாள்.

"நீயும் சாப்டும்மா. உன் பொண்ணுக்கு இருபது வயசு."

சசிகலா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். அந்த முகம் ஒரு முழம் தூரத்தில், வெளிச்சத்தில், மூடாமல் இருந்தது. அவளால் நிமிர்ந்து அதைப் பார்க்க முடியவில்லை. மகளின் விரலில் ஒட்டியிருந்த கிரீமையே பார்த்துக்கொண்டு மென்றாள்.